நாலு கோப்பைத் தண்ணீரும் ஜப்பான் ஆயுளும்

"ஜப்பான்காரன் சும்மாவா சொல்வான், மிஸ்ஸி?"

யோங் பெங் சந்தையில் மீன் வாங்கப் போனாலும் இதே கேள்வி, கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றாலும் இதே கேள்வி. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இந்தப் புலனச் செய்திக்குத்தான் ஓய்வே இல்லை. காலையில் எழுந்ததும் பல் துலக்காமல், கோப்பைக்கு 160 மில்லி வீதம் நாலு கோப்பைத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். பிறகு 45 நிமிடம் வாயில் ஒன்றும் படக்கூடாது. மலச்சிக்கல் 10 நாளில் போகும், ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் 30 நாளில் போகும், புற்றுநோய் 180 நாளில் போகும். ஜப்பானியர் நூறு வயதைத் தொடும் ரகசியம் இதுதானாம். இதைச் சொன்னது 'ஜப்பான் நோய்ச் சங்கம்' என்று வேறு போட்டிருக்கிறது. எந்த ஊர் டாக்டர் தன் சங்கத்துக்கு இப்படிப் பெயர் வைப்பார்?

இருபது ஆண்டுக்கு மேல் டயாலிசிஸ் பிரிவில் நின்றவள் நான். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். சிறுநீர் நின்றுபோன நோயாளிக்கு ஒரு நாளைக்கு அனுமதி சுமார் அரை லிட்டர். தேத்தண்ணி, ரசம், மாத்திரை விழுங்கும் நீர் எல்லாம் அதற்குள் அடக்கம். நாலு கோப்பை 640 மில்லி. பசியாறும் முன்பே அன்றைய பங்கு தீர்ந்து, கடனும் ஏறிவிடும். வெளியேற வழியில்லாத தண்ணீர் முதலில் காலில் இறங்கும், அப்புறம் நுரையீரலில் ஏறும். படுத்தால் மூச்சு முட்டுவதால் விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வருபவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர் தாராளமாகக் குடிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் அது சிறுநீராகப் போய்விடும், சர்க்கரையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகாது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தோட்டத்துப் பாட்டி ஒருவர் பெருமையாகச் சொன்னார்: "தண்ணி குடிக்கிறேன்ல மிஸ்ஸி, மாத்திரைய நிப்பாட்டிட்டேன்."

சரி, ஜப்பானுக்கே போவோம். 1947இல் அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 50, பெண்களுக்கு 54. அப்போது அந்த நாட்டில் தண்ணீர் இல்லையா? 2024இல் ஆண்களுக்கு 81, பெண்களுக்கு 87. இடையில் நடந்ததை யாரும் புலனத்தில் அனுப்புவதில்லை. 1951 முதல் 1980 வரை அங்கே அதிகம் பேரைக் கொன்றது பக்கவாதம். வடக்கே அகித்தா மாநிலத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் உப்புத் தின்றார். மிசோ சூப்பும் ஊறுகாயும் செய்த வேலை. நகானோ மாநிலத்தில் ஊர்ப் பெண்களே தொண்டர்களாகி, வீடு வீடாகப் போய் சூப்பில் எவ்வளவு உப்பு என்று அளந்தார்கள். ரத்தக் கொதிப்பைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். 1961இலேயே நாட்டில் எல்லாருக்கும் மருத்துவக் காப்புறுதி வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தி யாரும் ஆயுளைக் கூட்டவில்லை.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ஜப்பானியர் ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டார்களாம்: அங்கே சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும், குளிர்காலமானாலும், முதலில் வருவதே ஐஸ் போட்ட தண்ணீர்தான். அவர்கள் ரத்தமே வேறாம்: ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடியேறிய ஜப்பானியருக்கு ஊரில் இருந்தவர்களைவிட அதிகமாக மாரடைப்பு வந்தது. ஒக்கினாவாவில் எல்லாரும் நூறு வயதாம்: 2000ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தத் தீவின் ஆண்கள் 47 மாநிலங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டார்கள். பர்கரும் டின் இறைச்சியும் ஒரு தலைமுறைக்குள் வேலையைக் காட்டின.

ஜப்பானைக் காப்பியடித்தே தீருவேன் என்பவர் பரிசோதனையைக் காப்பியடிக்கட்டும். அங்கே வேலைக்குப் போகிறவருக்கு ஆண்டுதோறும் உடல் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். 2008 முதல் 40 வயதைத் தாண்டியவர்களின் இடுப்பையே டேப் வைத்து அளக்கிறார்கள். நம் கதை என்ன? 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. கோயில் திருவிழாவில் பந்தலுக்குப் பந்தல் சர்பத் கலக்கும் கமிட்டிகளுக்கு, ஒரு மேசை போட்டு ரத்தக் கொதிப்பு பார்க்க மட்டும் இடம் கிடைப்பதில்லை. இதை நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

ரஹ்மா உதவித்தொகை பெறுகிற, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. பதிவுபெற்ற கிளினிக்கில் மைகார்டைக் காட்டினால் ரத்தமும் சிறுநீரும் இலவசமாகப் பார்ப்பார்கள். அந்தத் தோட்டத்துப் பாட்டியிடமும் இதைச் சொன்னேன். அரை மனதோடு கேட்டார்: "இதுவும் ஜப்பான்ல செய்றதா, மிஸ்ஸி?"

"ஆமாம் பாட்டி, அங்கே இதைத்தான் செய்றாங்க" என்றேன். மைகார்டைத் தேட உள்ளே போனார்.