புறக்கடைச் சிறுவாடு

நுழையும்முன்

மழையை நம்பி விதைக்கும் ஊர்களில் பயிர் பொய்த்த ஆண்டும் உண்டு. விளைந்தும் விலை பொய்த்த ஆண்டும் உண்டு. அத்தகைய ஆண்டுகளில் பிள்ளைகளின் குறிப்பேட்டுக்கும் மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்துக்கும் வீட்டுப் பெண்கள் எடுத்துக் கொடுத்த காசு பெரும்பாலும் கோழி விற்ற காசு. கொல்லைப்புறத்தில் நான்கைந்து கோழிகளை வளர்ப்பதில் உள்ள மகிழ்ச்சியையும் கவலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

*

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை விரியும் நிலம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் மணலைக் காணும் நாள்களே மிகுதி. நீரைக் காணும் நாள்கள் சில. ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்நோக்கிச் சோளமும் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் உளுந்தும் மல்லியும் விதைக்கின்றனர். தரிசாகக் கிடந்த இடங்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. இந்நிலத்துச் சிற்றூர்களுள் ஒன்றான குமாரலிங்கபுரத்திலும் அதன் அண்டை ஊர்களிலும் வேளாண்மைக்குப் பக்கத்துணையாக நிற்பவை ஆடும் கோழியும் ஆகும். ஆட்டை மேய்க்க ஓர் ஆள் வேண்டும். கோழிக்கு அதுவும் வேண்டியதில்லை. விடியலில் கூட்டைத் திறந்துவிட்டால் குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். களத்தில் சிந்திய தவசம், புல்விதை, புழு, பூச்சி, பானையின் அடியில் ஒட்டிய பருக்கை ஆகிய யாவும் அதன் வயிற்றில் முட்டையாக மாறும்.

கோழி விற்ற காசைப் பெண்கள் தனியே வைத்துக்கொள்வர். குடும்பச் செலவில் மிச்சம் பிடித்தும் சிறு விற்பனைகளில் சேர்த்தும் பெண்கள் தமக்கென வைத்திருக்கும் பணத்துக்குச் ‘சிறுவாடு’ என்று பெயர். நிலமும் மாடும் ஆண்களின் பெயரில் இருந்த வீடுகளில்கூடக் கோழி பெண்ணுடையதாகவே இருந்து வந்துள்ளது. ஆகவே, ஒரு கோழி இறந்தால் குடும்பத்திற்கு நேரும் இழப்பு சிறிது; அப்பெண்ணுக்கு நேரும் இழப்பு பெரிது.

கோழி வாங்கக் கையில் காசில்லாதவரும் கோழி வளர்க்கலாம். ஒருவர் தம் பெட்டையை மற்றொருவரிடம் வாரத்துக்கு விடுவார். பொரித்து வளர்ந்த குஞ்சுகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வர். எழுத்தும் கையொப்பமும் இல்லாத ஒப்பந்தம் இது. இதில் வழக்கு வருவது அரிது. வந்தால், குஞ்சு பருந்துக்குப் போனதா குழம்புக்குப் போனதா என்பதைப் பற்றியே வரும்.

அடைக்கோழி

முட்டையிடும் பருவத்தை எட்டிய இளங்கோழி விடைக்கோழி எனப்படும். கொண்டை சிவந்து, ஓரிடத்தில் நில்லாமல் கேறிக்கொண்டே மூலை முடுக்குகளைத் தேடத் தொடங்கினால் முட்டையிடப் போகிறது என்று அறிந்து, வீட்டார் பழைய கூடையொன்றில் வைக்கோலைப் பரப்பி வைப்பர். இடும் முட்டைகளை எடுத்துக்கொண்டாலும் ஒன்றைக் கூடையிலேயே விட்டு வைப்பர். அதைக் கண்டு கோழி மீண்டும் அவ்விடத்திற்கே வரும். நாட்டுக்கோழி ஒரு பருவத்தில் ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து முட்டைகள் இட்டு, பின்னர் அடைக்குக் கிடக்கும். இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, நெருங்குவோரைக் கொத்த வரும் அக்கோழியை, முந்தைய நாள் வரை கையிலெடுத்துத் தீனி கொடுத்தவரே அணுக அஞ்சுவர்.

குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள் ஆகும். இந்நாள்களில் கோழி தன் மார்பின் வெம்மையால் முட்டைகளை ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு வெப்பத்தில் வைத்திருக்கிறது. கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளாதவாறு அவற்றை அலகால் அடிக்கடி புரட்டிவிடுகிறது. நாளுக்கொருமுறை எழுந்து, விரைவாகத் தின்று, நீரருந்தி, மீண்டும் வந்து அமர்ந்துகொள்ளும். ஏழாம் நாளில் இருட்டறையில் விளக்கொளிக்கு நேரே முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் செந்நிற நரம்புகள் தெரியும், தெரியாதவை கூமுட்டைகள். அடைக்கூடையில் இரும்புத் துண்டு, கரி, மிளகாய் ஆகியவற்றை இட்டு வைக்கும் வழக்கமும் இங்குண்டு. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். இடியோசை கருவைக் கெடுப்பதைவிட, மழைக்குளிரில் கோழி மிரண்டு எழுந்து நெடுநேரம் அகன்றிருப்பதால் கரு கெடுவதற்கே வாய்ப்பு மிகுதி. எனினும், மழையிரவில் இரும்புத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு கூடையருகே செல்பவர், கோழி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வருகிறார் அல்லவா?

ஓட்டை உடைப்பதற்கு ஒரு நாள் முன்பே குஞ்சின் குரல் முட்டைக்குள்ளிருந்து கேட்கும். தாய்க்கோழி மெல்லிய குரலில் விடை சொல்லும். வெளிவருவதற்குச் சற்று முன்னர் மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதி குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அதனால் முதல் இரண்டு நாள் அதற்குத் தீனி தேவைப்படுவதில்லை. முதலில் பொரித்த குஞ்சு, கடைசியில் பொரிக்கும் குஞ்சுக்காகத் தாயின் சிறகுக்குள் பசியின்றிக் காத்திருக்க இயல்வது இதனால்தான்.

குஞ்சுகளுக்கென்று வீட்டிலேயே கரையான் ‘விளைவிக்கும்’ முறை ஒன்றுண்டு. பழைய பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் இட்டு, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடியலில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். புரதம் மிகுந்த இவ்வுணவுக்குச் செலவு ஏதுமில்லை.

எண்ணிக்கையில் ஒரு கவலை

பன்னிரண்டு முட்டைகளை அடைவைத்து, பத்துக் குஞ்சுகள் பொரித்ததாகக் கொள்வோம். முதற்கிழமையில் ஒன்றைக் காக்கை தூக்கும். ஒன்று நீர்த்தொட்டியில் விழும். பருந்து ஒன்றையோ இரண்டையோ கொண்டு செல்லும். சீமைக்கருவேல மரம் வெயிலுக்கு நிழல் தருகிறது. வானத்துப் பகையிலிருந்து கோழியை மறைக்கிறது. அதே புதருக்குள்தான் கீரியும் காட்டுப்பூனையும் காத்திருக்கின்றன. வானிலிருந்து வரும் பகைக்கு ஒரு குரலும் தரைவழி வரும் பகைக்கு வேறொரு குரலும் கோழிக்கு உண்டு என்பதை ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். அடுப்படியில் இருந்தபடியே, வந்திருப்பது பருந்தா நாயா என்று சொல்லிவிடும் பாட்டிமார் இவ்வூர்களில் பலர். பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி வளர்த்தாலும் மூன்றாம் மாதத்தில் நான்கு குஞ்சுகள் எஞ்சினால் அது நல்ல வளர்ப்பே.

கோழியால் வரும் அண்டை வீட்டுப் பூசல் தனி. காயவைத்த தவசத்தைக் கோழி மேய்வது இன்று நேற்றுத் தோன்றிய குறையன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், உலர்த்திய தவசத்தைக் கவர வந்த கோழியின்மீது பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அவ்வணி சிறுவரின் நடைவண்டியை வழிமறிக்கிறது. பட்டினத்தின் வளத்தைக் காட்ட எழுந்த காட்சி அது. நம் கரிசல் முற்றத்தில் எறியப்படுவது பெரும்பாலும் துடைப்பக்கட்டை.

தெரிந்து தெளிவோம்

குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடியவர் குப்பைக் கோழியார். குப்பைமேட்டில், தூண்டிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இன்றித் தாமே போரிடும் கோழிகளைத் தலைவியின் துயருக்கு உவமையாக்கியதால் அவர் இப்பெயர் பெற்றார். சோழர் தலைநகராகிய உறையூருக்கும் ‘கோழி’ என்னும் பெயர் உண்டு. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. எனினும், மஞ்சள்நிறக் கால்களுக்குரிய மரபணு சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்காட்டுக்கோழி விருதுநகர் மாவட்டத்திலேயே, திருவில்லிபுத்தூர் மலைக்காடுகளில் இன்றும் வாழ்கிறது.

கூட்டத்தின் ஒழுங்கு

நான்கு கோழிகள் இருந்தாலும் அவற்றுள் யார் முதலில் தின்பது, யார் விலகி நிற்பது என்னும் வரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப் எப்பே இதனை 1921இல் ஆராய்ந்து எழுதினார். சேவல் கூவுவதற்கும் இவ்வரிசைக்கும் தொடர்புண்டு. வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் வைத்தபோதும் சேவல்கள் விடியல் நேரத்தை உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தால் அறிந்து முன்கூட்டியே கூவுவதை, ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தனர். முதலில் கூவும் உரிமை கூட்டத்தில் உயர்நிலையில் உள்ள சேவலுக்கே என்றும், ஏனையவை தத்தம் வரிசைப்படி பின்தொடர்கின்றன என்றும் 2015இல் தெரிவித்தனர். புதிய சேவலொன்றை வாங்கிவந்த வீட்டில் சில நாள் வைகறை ஒழுங்கற்றுப் போவது ஏன் என்று இதிலிருந்து உய்த்துணரலாம்.

கழிச்சல்

பருந்தும் கீரியும் ஒன்றிரண்டாகக் கொண்டு செல்வன. ஒரே கிழமையில் கூட்டை வெறுமையாக்கும் கேடு வேறு. அதனை ஊரார் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்பர். கால்நடை மருத்துவர் இராணிக்கெட் நோய் என்பர். இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1920களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இப்பெயர் நிலைத்தது. இது நச்சுயிரியால் வருவது. கோழி இரையெடுக்காது; சிறகு தொங்கும்; பச்சையும் வெள்ளையுமாகக் கழியும்; சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் மருந்தில்லை. தடுப்பூசி போடாத கூட்டத்தில் தப்புவன மிகச் சில. கோடை தொடங்கும்போது பெரும்பாலும் பரவுகிறது. சந்தையிலிருந்து வாங்கிவந்த ஒரு கோழியோ, உறவினர் வீட்டிலிருந்து வந்த ஒரு கூடையோ இதைக் கொண்டுவரப் போதும்.

தடுக்கும் வழி எளிது. அது நெடுங்காலமாகவே நம்மிடம் உள்ளது. ஏழாம் நாளில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி. எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலடியில் ஓர் ஊசி. அவ்வூசி மருந்துக்குரிய நச்சுயிரி வகை முக்தேஸ்வர் ஆய்வகத்தில் 1940களில் உருவாக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் சிற்றூர்க் கோழிகள் ஏன் ஆண்டுதோறும் மாண்டன? இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். ஒரு மருந்துக் குப்பியில் நூறு கோழிகளுக்கும் மேலான அளவு இருக்கும். அதனைக் குளிர்நிலையிலேயே கொண்டுவர வேண்டும். கரைத்தபின் சில மணிநேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும். பண்ணைக்கு இது பொருந்தும். ஐந்து கோழி வளர்ப்பவர், நூறு கோழிக்குரிய மருந்தை உச்சிவெயிலில் பேருந்தில் கொண்டுவந்து என்ன செய்வார்? அறியாமையால் ஊசி போடவில்லை என்று அவரைக் குறை கூறுவது எளிது. உண்மையில், மருந்தின் அளவுதான் அவருடைய கொல்லைக்குப் பொருந்தாமல் இருந்தது.

இவ்விடைவெளியை நிரப்ப இரு முயற்சிகள் நடந்துள்ளன. கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன், பிப்ரவரி மாதத்தில் ஊர்தோறும் இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. தெருக்கோழிகள் அனைத்துக்கும் ஒரே காலையில் போடும்போது குப்பி வீணாவதில்லை. முகாம் காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். திறந்துவிட்ட கோழியைப் பிடிக்க முயன்றவர் இதன் அருமையை அறிவர். மற்றொன்று, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணைத் தடுப்பு மருந்து. தீனியோடு தீனியாகக் கோழி இதனைத் தின்றுவிடும். பிடிக்கவும் வேண்டா, ஊசியும் வேண்டா.

2019ஆம் ஆண்டின் இருபதாம் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த ஏறத்தாழ 85 கோடிக் கோழியினங்களுள் 31.7 கோடி புறக்கடையில் வளர்ந்தவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இப்பிரிவு ஏறத்தாழ 46 விழுக்காடு உயர்ந்திருந்தது. பெரும்பண்ணைகளின் காலத்திலும் கொல்லைப்புறம் சுருங்கவில்லை.

பொழுது சாய்ந்தால் கோழிகள் தாமாகவே கூட்டை நாடி வரும். மரக்கிளையில் ஏறிவிட்ட விடைக்கோழியை மட்டும் கோலால் இறக்க வேண்டியிருக்கும். கூட்டை அடைக்கும் முன் எண்ணிப் பார்ப்பது நாள்தோறும் நடப்பது. ஒன்று குறைந்தால் மீண்டும் எண்ணுவர். பிறகு, கையில் சிறிது கம்பை எடுத்துக்கொண்டு, வேலியோரமாக ‘பா, பா’ என்று அழைத்தபடி ஒருவர் இருட்டுக்குள் நடப்பார்.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊரில் கோழியின் பருவம், நிறம், ஒலி ஆகியவற்றைக் குறிக்க வழங்கும் சொற்களைக் கோழி வளர்ப்போரிடம் கேட்டுத் தொகுக்க.

கோழி வளர்க்கும் ஒருவரிடம் ஓராண்டில் பொரித்த குஞ்சுகள், எஞ்சியவை, விற்றவை, இழந்தவற்றுக்கான காரணங்கள் ஆகியவற்றைக் கேட்டு அட்டவணைப்படுத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.