அறுந்த இணைப்பு மீளாதபோது: வீட்டு லினக்ஸ் அரணைச் சோதிக்கும் முறை

தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தை அடையும் வசதி இந்தியப் பொதுமக்களுக்கு 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் அளிக்கப்பெற்றது. அகன்ற அலைவரிசை பரவியபின் இம்முறை அருகிவிட்டது. எனினும் இதற்கு அடிப்படையான பி.பி.பி. நெறிமுறை இன்றும் பல இணைப்புகளில் வழங்குகிறது. பழுதைப் படிப்படியாகப் பிரித்தறியக் கற்பிப்பதற்கு இஃது ஏற்ற பாடமாகும்.

அமைப்பு

2000ஆம் ஆண்டையொட்டிப் பலர் பழைய கணிப்பொறியொன்றில் லினக்ஸை நிறுவி, அதனை வீட்டின் அரணாக, அதாவது ஃபயர்வாலாக, வைத்தனர். அதன் ஒருபுறம் மோடம். மறுபுறம் வீட்டுக் கணிப்பொறிகளோடு இணைக்கும் ஈதர்நெட் அட்டை. பி.பி.பி.டி. என்னும் நிரல் இணைய நிறுவனத்தின் எண்ணை மோடத்தைக் கொண்டு அழைத்து, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் காட்டி, ஐ.பி. முகவரியொன்றைப் பெறும். 2001இல் வெளிவந்த லினக்ஸ் 2.4இல் காவல் விதிகளை ஐ.பி.டேபிள்ஸ் ஏற்றது.

இணைப்பு மீளாவிடில் விதிகளையெல்லாம் நீக்கிப் பார்ப்பது சிலர் வழக்கம். இது தவறு. கம்பியில் பழுது இருப்பின் விதிகளை நீக்குவதால் அது தீராது. இணைப்பு மீளும் கணத்திலோ வீடு காவலின்றி நிற்கும். ஆகவே கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றுதல் வேண்டும்.

சோதனை வரிசை

1. கம்பி: சாதாரணத் தொலைபேசியை இணைத்து, டயல் ஒலி இரைச்சலின்றிக் கேட்கிறதா என்று அறிக.

2. நிரல்: அறுந்தபின் மீண்டும் முயலுமாறு நிரலுக்குக் கட்டளை இருத்தல் வேண்டும். அவ்வாறு இருந்தாலும், தொடர்ந்து 10 முறை தோற்றால் அது முயற்சியைக் கைவிடும். இதுவே அதன் இயல்பான வரம்பு. வரம்பை 0 என்று அமைத்தால் முயற்சி ஓயாது. ஆனால் கடவுச்சொல் பிழையாயிருப்பின், மறுமுனை ஏற்கும் ஒவ்வோர் அழைப்புக்கும் கட்டணம் ஏறும்.

3. முடிவெண்: நிரல் நின்றுவிட்டால் அது தரும் முடிவெண் காரணத்தைக் காட்டும். 8 எனில் எண்ணை அழைக்கும் கட்டம் தோற்றது; 16 எனில் மோடம் தொடர்பைத் துண்டித்தது; 19 எனில் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை.

4. உயிரற்ற இணைப்பு: சில வேளைகளில் மறுமுனை மௌனமாகிவிடும், மோடமோ அதனை உணராது. இணைப்பு இருப்பதாகவே நிரல் கருதுவதால் மறுபடி அழைக்காது. குறித்த இடைவெளியில் எதிரொலிக் கேள்வி அனுப்பி, விடை வாராவிடில் துண்டிக்குமாறு அமைப்பதே இதற்குப் பரிகாரம்.

5. வழி: அரண் கணிப்பொறியிலிருந்து வெளியேயுள்ள ஒரு முகவரியை எண்ணால் அழைத்துப் பார்க்க. விடை இல்லையேல் பொது வழியை ஆராய்க. ஈதர்நெட் அட்டைக்கு முன்னரே பொது வழி அமைந்திருப்பின், பி.பி.பி.டி. அதனை மாற்றாது, தரவு வீட்டின் பக்கமே திரும்பும். அந்தப் பழைய வழியை நீக்குதல் வேண்டும். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வாராவிடில், பெயர்த்தேடல் வழங்கியின் முகவரியைச் சரிபார்க்க.

6. காவல் விதிகள்: அரணிலிருந்து இணையம் கிட்டி, வீட்டுக் கணிப்பொறிகளுக்குக் கிட்டாதபோதுதான் விதிகளை ஆராய வேண்டும். முதலில் தரவுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தும் அனுமதி, 1 என்னும் மதிப்பில் இருக்கிறதா என்று காண்க. அடுத்து முகவரியைக் கவனிக்க. ஒவ்வோர் அழைப்பிலும் புதிய முகவரி கிடைப்பது வழக்கம். பழைய முகவரியை விதியில் எழுதி வைத்திருந்தால், புதிய இணைப்பில் அவ்விதி பயன்படாது. இத்தகைய இணைப்புக்கு மாஸ்கரேட் என்னும் விதியே ஏற்றது. அஃது அப்போதைய முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் பழைய தொடர்புகளை மறந்துவிடும்.

காவல் விதிகளை மோடம் அழைப்பதற்கு முன்னரே ஏற்றிவிடுதல் நன்று. முகவரியை அன்றி இணைப்பின் பெயரைக் குறித்து விதி எழுதினால் இது எளிதில் இயலும்.

ஆசிரியர் கவனத்திற்கு

ஆசிரியர் முதலில் ஒரே ஒரு பழுதை மறைவாக உண்டாக்கி, மாணவர் மேற்கண்ட வரிசையில் அதனைக் கண்டறியுமாறு செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், மாற்றியதைக் குறித்துவைத்தல், பயன் தராத மாற்றத்தை உடனே பழைய நிலைக்குக் கொணர்தல் ஆகிய மூன்றையும் மாணவர் பழகுதல் வேண்டும். பல மாற்றங்களை ஒருங்கே செய்தால் இணைப்பு மீண்டாலும் காரணம் விளங்காது. அப்பழுது மறுமுறை வருங்கால் தேடலை முதலிலிருந்தே தொடங்க நேரும்.