வலசைக் காட்டில் ஓர் இரவு

நுழையும் முன்

விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும் வழியில் எத்தனையோ காடுகளைச் சாளரத்தின் வழியே கண்டிருப்பீர்கள். அவற்றுள் ஒன்றில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் நாம் அறிந்திருக்க வேண்டியவை யாவை? மின்விளக்கும் குழாய்நீரும் கட்டடமும் இல்லாத இடத்தில் எவ்வாறு தங்குவது? இவ்வினாக்களுக்கு, மூன்று மாநிலங்கள் கூடும் இடத்திலுள்ள ஒரு காட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு விடை காண்போம்.

காடு அமைந்த இடம்

சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் சாலை, மொகிலி மலைப்பாதையில் ஏறிப் பலமனேரை அடைகிறது. ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள இவ்வூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இதன் மேற்கே கருநாடகமும் தெற்கே தமிழ்நாடும் உள்ளன. ஊரைச் சூழ்ந்த மலைக்காடுகளின் பெரும்பகுதி கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் என்று 1990-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 358 சதுர கிலோமீட்டர்.

இது மழைக்காடு அன்று. கோடையில் இலையுதிர்க்கும் மரங்களும் முட்புதர்களும் மூங்கிற் குத்துகளும் நிறைந்த வறண்ட காடு. கரடி, சிறுத்தை, புள்ளிமான், கடமான், முள்ளம்பன்றி, தேவாங்கு ஆகியவை இங்கு வாழ்கின்றன. சரணாலயத்திற்குப் பெயர் தந்த கௌண்டின்யா ஆறு தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மோர்தானா அணையைக் கடந்து, குடியாத்தம் வழியாகப் பாலாற்றில் கலக்கிறது. பலமனேரிலிருந்து குப்பம் செல்லும் வழியில் கைகல் அருவி உள்ளது. பாறைகளுக்கிடையே வீழும் அதன் நீர் ஆங்காங்கே சுனைகளாகத் தேங்கி நிற்கிறது.

வலசை வந்தவர்கள்

இக்காட்டில் நெடுங்காலம் யானைகள் இல்லை. 1980-களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இங்கு வந்து சேர்ந்தன. நீரும் மூங்கிலும் கண்டு இங்கேயே தங்கின. இக்காடு சரணாலயமானதற்கு அந்த யானைகளே முதன்மைக் காரணம்.

உயிரினங்கள் உணவும் நீரும் நாடி ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்வதை வலசை என்கிறோம். தெலுங்கில் ‘வலச’ என்பதும் கன்னடத்தில் ‘வலசெ’ என்பதும் இதே பொருள் தருவனவே. மூன்று மொழிகள் வழங்கும் இந்த எல்லைப்புறத்தில் மூன்றுக்கும் பொதுவாக இச்சொல் நிற்கிறது. பறவைக்கும் யானைக்கும் மட்டுமன்றி, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதருக்கும் அண்டை மொழிகளில் இச்சொல்லே வழங்குகிறது. வேற்று மாநிலத்தில் தமிழ் பயிலும் நமக்கு இச்சொல் அயலானது அன்று.

வந்த யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. வயல் எல்லையும் தெரியாது. கரும்பும் நெல்லும் மாந்தோப்பும் அவற்றை ஈர்த்தன. யானைகளோடு வாழ்ந்து பழகாத உழவர்கள் திகைத்தனர். யானை தாக்கி மனிதர்களும், மின்வேலியில் சிக்கி யானைகளும் உயிரிழந்தமை இப்பகுதியின் துயரமான வரலாறு. காட்டு யானைகளைத் திருப்பி அனுப்புவதற்குப் பயிற்சி பெற்ற கும்கி யானைகளைக் கருநாடக அரசு 2025-ஆம் ஆண்டு மே மாதம் ஆந்திர அரசுக்கு வழங்கியது. பலமனேருக்கு அருகிலுள்ள முசலிமடுகில் அவற்றுக்கு முகாம் அமைக்கப்பட்டது.

இத்தகைய காட்டில் தங்குவோர் முதலில் உணர வேண்டியது ஒன்று. நாம் தங்க விரும்பும் இடம் ஏற்கெனவே ஓர் உயிரின் வழியாகவோ வீடாகவோ இருக்கலாம்.

எளிய முகாம்

அறை, கழிப்பிடம், மின்சாரம், குழாய்நீர் ஆகிய எவையுமின்றி, தேவையானவற்றைத் தாமே சுமந்து சென்று கூடாரமிட்டுத் தங்குவதை எளிய முகாம் எனலாம். 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்கு நடத்திய முகாமிலிருந்தே சாரணர் இயக்கம் வளர்ந்தது. நம் பள்ளிகளில் செயற்படும் சாரண சாரணியர் அணியும் அதன் வழிவந்ததே.

ஆயினும், விரும்பிய காட்டில் விரும்பியவாறு தங்கிவிட இயலாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இசைவு பெறாதவர் சரணாலயத்திற்குள் நுழைதல் கூடாது. இயற்கையைப் பயில்வதற்கும் சுற்றுலாவுக்கும் வனத்துறை இசைவு அளிக்கும். உடன்வரும் வனக்காவலர் காட்டும் இடத்தில் மட்டுமே கூடாரமிட வேண்டும். அக்காட்டின் நேற்றைய நிலையையும் இன்றைய நிலையையும் அறிந்தவர் அவரே.

இடம் தேர்தல்

முகாமின் வெற்றியும் தோல்வியும் இடம் தேர்வதிலேயே உள்ளன. புதியவர் கண்ணுக்கு ஆற்றங்கரையே மிகச் சிறந்த இடமாகத் தோன்றும். குளிர்ந்த காற்றும் மென்மணலும் அருகிலேயே நீரும் அங்குண்டு. உண்மையில் அதுவே தவிர்க்க வேண்டிய இடம்.

வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் நீர் பருகும். வறண்ட காட்டில் நீர்நிலைகள் சில. அவற்றை நாடும் உயிர்களோ பல. மாலையிலும் இரவிலும் அவை நீருக்கு வரும். நடுவே நம் கூடாரம் நின்றால், தாகத்தோடு வந்த விலங்கு ஒன்று நீரருந்தாமல் திரும்பும்; அல்லது அஞ்சித் தாக்கும். மேலும், மலையுச்சியில் பெய்யும் மழை நமக்குத் தெரியாது. வறண்டு கிடந்த ஓடையில் சிறிது நேரத்தில் வெள்ளம் வந்துவிடும்.

எனவே பின்வருவனவற்றை நினைவிற் கொள்க:

1. நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது விலகியிருத்தல் வேண்டும். யானைக் காட்டில் இத்தொலைவு போதாது. காவலர் சொல்லும் தொலைவே அளவு.
2. விலங்குகளின் தடத்திலும், மூங்கிற் குத்துகளின் அருகிலும் கூடாரமிடலாகாது. மூங்கில் யானைக்கு விருப்பமான உணவு.
3. பட்ட கிளைகள் உள்ள மரத்தின் கீழ்ப் படுத்தலாகாது.
4. சற்றே மேடான, சமமான, ஏற்கெனவே புல் தேய்ந்த தரையே சிறந்தது. புதிதாகச் செடிகளை வெட்டி இடம் உண்டாக்கலாகாது.

யானை அண்மையில் வந்து சென்றதா என்பதை நிலமே சொல்லும். ஈரம் உலராத இலத்தி, புதிதாக முறிந்த கிளை, மரப்பட்டையில் உரசிய சேறு ஆகியவை அடையாளங்கள். யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இருமடங்காக்கினால் அதன் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். காட்டில் கணக்குப் பாடமும் உண்டு!

நீரும் நெருப்பும்

தெளிந்த சுனைநீரிலும் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். மடித்த துணியில் வடிகட்டி, தளதளவெனக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகே பருக வேண்டும். பாத்திரங்களை ஓடைக்குள் கழுவலாகாது. நீரை முகந்து அப்பால் எடுத்துச் சென்று கழுவுதலே முறை.

முகாம் என்றவுடன் சுற்றி அமர்ந்து பாடும் நெருப்பே நினைவுக்கு வரும். சரணாலயத்தில் தீ வைத்தல் சட்டப்படி குற்றம். மாசி முதல் வைகாசி வரை இக்காட்டுப் புல்லும் சருகும் ஒரு பொறிக்காகக் காத்திருப்பன போல் காய்ந்து கிடக்கும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றிருந்தோர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்வெளியில் தீ மனிதரினும் விரைந்து ஓடும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

காவலர் இசைந்த இடத்தில் சமைக்க நேர்ந்தால், சுற்றிலும் சருகை நீக்குக. தானே விழுந்த சுள்ளிகளை மட்டும் பயன்படுத்துக. இறுதியில் நீரூற்றி, சாம்பலைக் கிளறி, மீண்டும் நீரூற்றுக. புறங்கையை அருகிற் கொண்டுசென்றால் சூடு தெரியாத வரையில் தீ அணைந்துவிட்டதாகக் கருதலாகாது.

உணவும் கழிவும்

யானையின் மோப்ப ஆற்றல் மிகக் கூரியது, கரடியும் அத்தகையதே. வாழைப்பழம், வெல்லம், உப்பு முதலியவற்றைத் தலைமாட்டில் வைத்து உறங்குதல் விலங்கை விருந்துக்கு அழைப்பதாகும். சமைக்கும் இடம், உணவுப்பொருள் வைக்கும் இடம், உறங்கும் இடம் மூன்றும் தனித்தனியே இருத்தல் வேண்டும். உணவைக் காற்றுப் புகாத கலத்தில் மூடிக் காவலர் காட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

மலங்கழிக்க, நீர்நிலைக்கு அப்பால் ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, பின்னர் மண்ணிட்டு மூடுக. நெகிழிப் பைகளையும் உறைகளையும் ஒன்றுவிடாமல் திரும்பக் கொணர்க. உப்புச் சுவை ஒட்டிய உறையை மான்கள் தின்று மடிவதுண்டு. மறுநாள் காலை நாம் புறப்பட்டபின், நம்மைத் தேடி வரும் ஒருவர் நாம் தங்கிய இடத்தைக் கண்டுபிடிக்க இயலாதிருப்பதே நல்ல முகாமுக்கு அடையாளம்.

இரவு

இருட்டியபின் காடு உறங்குவதில்லை. சிள்வண்டுகளின் ஒலி தொடர்ந்து கேட்கும். பக்கி தரையிலிருந்து குரல் கொடுக்கும். திடீரெனப் புள்ளிமான் கூவினால், எங்கோ சிறுத்தை நடக்கிறது என்பது பொருளாகலாம். பாட்டுப் பெட்டியின் ஓசை இவற்றையெல்லாம் மறைத்துவிடும். வரும் ஆபத்தையும் மறைத்துவிடும். ஆதலின் பேச்சைக் குறைத்துச் செவியைத் திறந்து வைத்தல் அழகு மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். தனியே எழுந்து நடத்தல் கூடாது. யானை அண்மையில் நிற்பதாக ஐயம் எழுந்தால், ஒளி பாய்ச்சுதலும் படமெடுத்தலும் கூச்சலிடுதலும் தவிர்த்துக் காவலர் சொற்படி அமைதியாக விலகுதல் வேண்டும்.

நாம் விருப்பத்திற்காக ஓரிரவு விழித்திருக்கிறோம். யானைகள் வரும் ஊர்களின் உழவர்களோ, விளைச்சற் காலத்தில் பயிரைக் காக்கப் பரண் மீதும் வயலோரத்திலும் பல இரவுகள் விழித்திருக்கின்றனர். முகாமுக்குச் செல்வோர் அவ்வூர்களின் வழியாகவே காட்டை அடைகின்றனர். நாம் விரட்டிக் கலைத்த யானை, நாம் திரும்பிய பின்னர் அவர்தம் வயலில்தான் இறங்கும். நம் ஒழுக்கம் அவர்தம் உயிரையும் காக்கிறது.

தெரிந்து தெளிவோம்

காட்டுவழிச் செல்வோருக்கு வழிகாட்டும் நூல் தமிழில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், பெருங்கௌசிகனாரால் 583 அடிகளில் பாடப்பட்டது. செங்கண்மா நகரத்து நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு அது மலைவழி கூறுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் குழிகள், பாசி படர்ந்து வழுக்கும் பாறைகள், யானையை விரட்டப் பரணிலிருந்து எறியப்படும் கவண்கற்கள் ஆகியவற்றை முன்கூட்டியே எச்சரிக்கிறது. மலையை யானையாகவும் அதில் எழும் பல்வகை ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்ததால் நூல் இப்பெயர் பெற்றது. செங்கண்மா இன்றைய செங்கம். அதன் வழியே ஓடும் செய்யாறும், பலமனேர்க் காட்டின் கௌண்டின்யா ஆறும் பாலாற்றையே சேர்கின்றன.

சொல்லும் பொருளும்

வலசை – உணவு, நீர் நாடி இடம்பெயர்தல்
சுனை – மலைப்பாறையில் நீர் தேங்கும் இடம்
இலத்தி – யானையின் சாணம்
சுள்ளி – காய்ந்த சிறு குச்சி
பரண் – காவலுக்காக உயரத்தில் அமைக்கும் மேடை
பக்கி – தரையில் தங்கும் இரவுப் பறவை
கவண் – கல்லெறியும் கருவி

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்ட ஆண்டு ________.
2. கௌண்டின்யா ஆறு ________ ஆற்றில் கலக்கிறது.
3. மலைபடுகடாம் ________ நூல்களுள் ஒன்று.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஆற்றங்கரையில் கூடாரமிடல் ஏன் தவறு? இரு காரணங்கள் கூறுக.
2. யானை அண்மையில் வந்து சென்றதை எவ்வாறு அறியலாம்?
3. தீ முற்றும் அணைந்ததை எவ்வாறு உறுதி செய்வாய்?

இ. கணக்கிடுக.
ஒரு யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவு 1.2 மீட்டர். அதன் தோள் உயரம் ஏறத்தாழ எவ்வளவு?

ஈ. மொழித்திறன்
‘வலசை’ போல, நீ வாழும் மாநிலத்தின் மொழிக்கும் தமிழுக்கும் பொதுவான ஐந்து சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் தமிழ்த் தொடரில் அமைத்து எழுதுக.

உ. கடிதம் எழுதுக.
உன் பள்ளியின் சாரணர் அணி காட்டில் ஓர் இரவு தங்க இசைவு வேண்டி வனச்சரக அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக. எத்தனை பேர், எந்த நாள், கழிவை என்ன செய்வீர்கள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

ஊ. வீட்டில் கேட்டு எழுதுக.
உன் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோர் இரவுக் காவல் இருந்ததுண்டா? வயலிலோ தோப்பிலோ களத்திலோ தங்கிய இரவைப் பற்றி அவர்களிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக. அவர்கள் கூறிய சொற்களுள் உனக்குப் புதியவற்றை அடிக்கோடிடுக.