சோடியம் ஹைட்ராக்சைடைக் கண்டதும் அடித்துவிடாதீர்கள்

"சார், வலிமையான காரம் இருந்தா அது தாங்கல் கரைசலே இல்லை. கண்ணை மூடிக்கிட்டு அந்த விடையை அடிச்சிடலாம்." பிளஸ் டூ வகுப்பில் அயனிச் சமநிலைப் பாடம் தொடங்கினால் போதும், ஒவ்வொரு ஆண்டும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். குறுக்குவழி என்று யாரோ புகட்டி அனுப்பியது. தவறு, முழுத் தவறு.

0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மி.லி. எடுத்தால் அதில் 10 மில்லிமோல் அமிலம் இருக்கிறது. அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. ஊற்றுங்கள்; 5 மில்லிமோல் காரம் உள்ளே போகிறது. போன காரம் சும்மா இருக்குமா? 5 மில்லிமோல் அமிலத்தை அசிட்டேட்டாக மாற்றிவிட்டுத் தானும் தீர்ந்துபோகும். மிச்சம் அமிலம் 5, அசிட்டேட் 5. வலிமை குறைந்த அமிலமும் அதன் இணை காரமும் சரிபாதி, பி.ஹெச். 4.74. இதைவிட நல்ல தாங்கல் எங்கே கிடைக்கும்? கேள்வித்தாள் ஊற்றியதைத்தான் சொல்லும். குடுவையில் மிஞ்சியதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

காரத்தையும் 100 மி.லி. ஊற்றிவிட்டால்? அமிலம் தீர்ந்து வெறும் சோடியம் அசிட்டேட் நிற்கும், தாங்கல் போயிற்று. பாட்டில்கள் அவையேதான், அளவு மட்டும் வேறு. அளவைப் பார்க்காமல் எப்படி அய்யா அடிக்கிறீர்கள்?

நம்பாதவர்கள் செய்து பாருங்கள். ஒரு குடுவையில் 100 மி.லி. வாலைவடிநீர், இன்னொன்றில் அதே அளவு, முதலில் சொன்ன தாங்கல் கலவை. இரண்டிலும் இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு, இரண்டும் மஞ்சள். ஒவ்வொன்றிலும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. விடுங்கள். தண்ணீரின் பி.ஹெச். 3-க்கு இறங்கிச் சிவந்துவிடும். கலவை 4.72-இல் மஞ்சளாகவே நிற்கும்.

அமிலமும் அதன் உப்பும் இருந்தாலே தாங்கல் என்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் குளோரைடும் ஆகாது. குளோரைடு அயனி ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து வைக்காது. தாங்கலின் பி.ஹெச். மாறவே மாறாது என்பதும் பொய், மேலே 0.02 குறைந்ததே! பி.ஹெச். 7 இருந்தால்தான் தாங்கல் என்பவர்கள் 4.74-ஐ மறுபடி பார்க்கட்டும்.

உப்புப் பகுப்பாய்வில் மூன்றாம் தொகுதிக்கு அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சேர்க்கிறோம். அலுமினியம் இருந்தால் கூழ் போன்ற வெள்ளை வீழ்படிவு வரும். அந்தச் சோதனைக்குழாயில் இருப்பது தாங்கல் கரைசல்தான் என்று எத்தனை ஆசிரியர்கள் சொல்லித் தருகிறோம்? செய்முறை வகுப்பை மாதிரித் தேர்வுக்குத் தாரைவார்க்கும் பள்ளிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வாரம் ஒரு மணிநேரமாவது ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள். ஒரு சின்னப் பாட்டில் மெத்தில் ஆரஞ்சு, சொட்டு சொட்டாக விட்டால், ஒரு வகுப்புக்கு ஆண்டு முழுக்க வரும்.