ஒளியலைச் சீப்பு

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்தைக் கடந்து செல்வோர் பலர். சாலையோர மண்ணுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளை நினைப்போர் சிலரே. இழையோ தலைமயிர் போன்றது. அதில் தூய கண்ணாடியால் செய்தி நெடுந்தொலைவு செல்லக்கூடும் என்று 1966இல் காட்டியவர் சார்லஸ் காவ். 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

ஓர் இழையில் ஒரே நிற ஒளியை அனுப்புவது வீண். 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை எண்பது, தொண்ணூறு நிறங்களை ஒருங்கே அனுப்பலாம். (கண்ணுக்குப் புலப்படாதவைதாம், எனினும் நிறம் என்றே சொல்வோம்.) 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கம்பி தொடங்கி வைக்கப்பட்டது. அத்தகைய கம்பியை நினைத்தபோதெல்லாம் புதிதாகப் போட முடியுமா? உள்ள இழையிலேயே நெருக்கி அனுப்புவதுதான் வழி.

இங்கேதான் சிக்கல். நிறத்துக்கு ஒரு லேசர் வைத்தால், வெப்பநிலை மாறும்போது ஒவ்வொன்றும் தன் போக்கில் நகரும். ஒன்றோடொன்று மோதாதிருக்க நடுவே வெற்றிடம் விட வேண்டும். அவ்வளவும் நட்டம்.

இராசிபுரத்துத் தறியைப் பார்த்தவர்க்கு விடை எளிது. பாவு நூல்களை இடைவெளி பிசகாமல் நிறுத்துவது அச்சு. ஒளிக்கும் அப்படியோர் அச்சு உண்டு. விஞ்ஞானிகள் அதைச் சீப்பு என்றனர்.

வீச்சுப் பண்பேற்றத்தில் ஊர்தி அலையின் இருபுறமும் பக்கப்பட்டைகள் தோன்றுவதை வகுப்பில் படிக்கிறோம். ஒரே லேசர் ஒளியை லித்தியம் நயோபேட் படிகத்தில் செலுத்தி, வலிய நுண்ணலையால் அதன் கட்டத்தை அசைத்தால், இரண்டல்ல, பல பக்கப்பட்டைகள் பிறக்கும். ஒளியின் அதிர்வெண் விநாடிக்கு ஏறத்தாழ 193 இலட்சம் கோடி. நுண்ணலை 2,500 கோடி எனில், பற்களின் இடைவெளியும் சரியாக 2,500 கோடியே. லேசர் நகர்ந்தாலும் சீப்பு முழுவதும் சேர்ந்தே நகரும், பற்கள் மோதா. ஆனால் கட்டத்தை மட்டும் அசைத்தால் பல்லெல்லாம் ஏற்றத்தாழ்வாக, பொக்கைச் சீப்பாகிவிடும். செறிவுப் பண்பேற்றி ஒன்றையும் சேர்த்தால் பெரும்பாலும் சமனாகும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வி. ஆர். சுப்ரதீபா இவ்வகைச் சீப்புகளை ஆராய்ந்தவர்.

துல்லிய அளவீட்டுக்குச் சீப்பைப் பயன்படுத்திய ஹால், ஹென்ஷ் இருவரும் 2005இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். பின்னர் சில்லுக்குள் நுண்வளையத்திலேயே சீப்பு உண்டாயிற்று. 2022இல் டென்மார்க், சுவீடன் ஆய்வாளர்கள் அத்தகைய ஒரே சில்லைக் கொண்டு, 37 உள்ளகங்களுள்ள 7.9 கி.மீ. இழையில் விநாடிக்கு 18.4 கோடி கோடி பிட் அனுப்பினர்.

குறையும் உண்டு. ஒரு லேசரின் ஆற்றலைப் பல பற்கள் பங்கிடுவதால் ஒவ்வொன்றும் மெலிந்தே நிற்கும். பெருக்கியால் உயர்த்தினால் இரைச்சலும் உடன் உயரும். அந்த ஒரு லேசர் நின்றாலோ அத்தனை நிறமும் அணைந்துவிடும். ஆகவே மாற்று லேசர் ஒன்றை அருகிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.