வந்தவர் கையில் என்ன கருவி? – ஒரு மினி புராஜெக்ட் கற்றுத் தந்த பாடம்



வீட்டுக்கு ஒருவர் வந்தால் முதலில் முகத்தைப் பார்க்கிறோம். வயதானவர் என்றால் நாற்காலியை இழுத்துப் போடுகிறோம், சின்னப் பிள்ளை என்றால் பாயை விரிக்கிறோம். வலைத்தளத்துக்கும் தினமும் விருந்தாளிகள் வருகிறார்கள். ஒருவர் கையில் போன், ஒருவர் கையில் டேப்லெட், இன்னொருவர் மேஜையில் கம்ப்யூட்டர். ஆனால் சர்வருக்குக் கண் இல்லையே! அது எப்படி ஆளை அடையாளம் காண்கிறது? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். நான் பட்ட அடியையும் சேர்த்தே சொல்கிறேன். அது உங்களுக்கு உதவும்.

1. அறிமுகச் சீட்டு

பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, கேள்வியோடு சில தலைப்பு வரிகளையும் அனுப்புகிறது. அதில் ஒன்றின் பெயர் ‘யூசர் ஏஜென்ட்’. ‘நான் இன்ன பிரவுசர், இன்ன ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுகிறேன்’ என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. ஆண்ட்ராய்டு போனில் குரோம் அனுப்பும் சீட்டில் ‘ஆண்ட்ராய்டு’, ‘மொபைல்’ ஆகிய இரண்டு சொற்களும் இருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘விண்டோஸ்’ என்று இருக்கும். அப்புறம் என்ன, ஒரு இஃப், ஒரு எல்ஸ் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்?

2. நான் செய்த தவறு

எங்கள் அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவுக்காக ஒரு வலைப்பக்கம் செய்தேன். யார் எவ்வளவு தவணை கட்டினார்கள், பாக்கி எவ்வளவு என்று பார்க்கலாம். சீட்டில் ‘மொபைல்’ என்ற சொல் இருந்தால் சிறிய பக்கம், இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கான பெரிய பக்கம். பெரிய பக்கத்தில் மவுஸைக் கொண்டுபோனால் விரியும் மெனு வைத்தேன். லேபில் ஓட்டினேன், ஓடியது. என் போனில் ஓட்டினேன், ஓடியது. நல்ல மார்க்கும் வந்தது.

குழுவில் கணக்கு எழுதும் அத்தையிடம் இருந்ததோ ஆண்ட்ராய்டு டேப்லெட். டேப்லெட் குரோமின் சீட்டில் ‘ஆண்ட்ராய்டு’ இருக்கும், ‘மொபைல்’ இருக்காது! ஆகவே என் புரோகிராம் அதைக் கம்ப்யூட்டர் என்று எண்ணிப் பெரிய பக்கத்தை அனுப்பியது. மெனுவின் தலைப்பே முகப்புக்குப் போகும் லிங்க். விரலால் தொட்டால் மெனு விரியுமுன் முகப்பே மறுபடி வந்து நின்றது. அத்தை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து தாழ்ந்த குரலில், “தம்பி, நான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல. எனக்கு இதெல்லாம் வராதுப்பா, நோட்டுலேயே எழுதிக்கிறேன்” என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு என்னுடையது, பழியை அவர் ஏற்றுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பேங்க்கிலும் ஆபீஸிலும் பாரம் பூர்த்தி செய்யத் தெரியாமல் என் அம்மா தலை குனிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். அதே தலைகுனிவை என் புரோகிராமே ஒருவருக்குக் கொடுத்துவிட்டதே!

3. சீட்டை நம்பலாமா?

‘ஆண்ட்ராய்டு’ என்ற சொல்லையும் தேடும்படி மாற்றினேன். டேப்லெட் சரியானது. உடனே அடுத்தது வந்தது. ஒரு அண்ணன் தன் போனில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதை டிக் செய்து வைத்திருந்தார். அப்போது குரோம் தன்னை லினக்ஸ் கம்ப்யூட்டர் என்றே சொல்லிக்கொள்கிறது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேட் சஃபாரி வழக்கமாகத் தன்னை மேக் கம்ப்யூட்டர் என்றே சொல்கிறது. 2023-இல் வந்த குரோம் 110 முதல், ஆண்ட்ராய்டு போனின் மாடல் பெயருக்குப் பதில் ‘கே’ என்ற ஒரே எழுத்துதான் வருகிறது. பதிப்பும் எல்லாருக்கும் ‘ஆண்ட்ராய்டு 10’ என்றே வரும். ஆளைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதைக் குறைக்கவே இந்த ஏற்பாடு.

இந்தப் பொய்க்குப் பழைய கதை உண்டு. 1994-இல் வந்த நெட்ஸ்கேப் பிரவுசர் தன்னை ‘மொசில்லா’ என்று சொல்லிக்கொண்டது. அதற்கு மட்டும் சில தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், தனக்கும் அது கிடைக்கவேண்டுமென்று ‘மொசில்லா’ என்றே போட்டுக்கொண்டது. 2008-இல் பிறந்த குரோமின் சீட்டும் இன்றுவரை ‘மொசில்லா/5.0’ என்றுதான் ஆரம்பிக்கிறது.

4. சரியான வழி

பெயரைக் கேட்காதீர்கள், தேவையைக் கேளுங்கள்.

அ) ஒரே பக்கம்தான் எல்லாருக்கும். திரையின் அகலத்தைப் பார்த்து சிஎஸ்எஸ் மீடியா குவெரி அடுக்கை மாற்றட்டும். 600 பிக்சலுக்குக் குறைவென்றால் ஒரு பத்தி, அதிகமென்றால் இரண்டு பத்தி. 2010-இல் ஈதன் மார்காட் இந்த முறைக்கு ‘ரெஸ்பான்ஸிவ் வெப் டிசைன்’ என்று பெயர் சூட்டினார்.

ஆ) வியூபோர்ட் மெட்டா வரியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் தன்னைச் சுமார் 980 பிக்சல் அகலமாக எண்ணிக்கொண்டு, பக்கம் முழுவதையும் எறும்பு எழுத்தாகச் சுருக்கிவிடும்.

இ) விரலா மவுஸா என்பதை மீடியா குவெரியில் ‘பாயின்டர்’, ‘ஹோவர்’ என்ற இரண்டும் சொல்லும். பாயின்டர் ‘கோர்ஸ்’ என்றால் விரல், பட்டனைப் பெரிதாக்குங்கள். எப்படியிருந்தாலும், மவுஸ் இல்லாமல் திறக்காத மெனு வேண்டவே வேண்டாம்.

ஈ) சர்வருக்கே தெரியவேண்டிய சமயமும் உண்டு. ஆப் இறக்க பிளே ஸ்டோர் லிங்க்கா, ஆப் ஸ்டோர் லிங்க்கா என்பது போல. அப்போது யூசர் ஏஜென்ட்டை ஊகமாக மட்டும் வைத்து, மற்றொரு லிங்க்கையும் கீழே கொடுங்கள். குரோம் வகைப் பிரவுசர்கள் ‘கிளையன்ட் ஹின்ட்ஸ்’ வழியாக, மொபைலா இல்லையா என்று 1 அல்லது 0 மூலம் தனியாகச் சொல்கின்றன. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அதை அனுப்புவதில்லை. எனவே அதை மட்டும் நம்பக்கூடாது.

உ) அனுமதி, பாதுகாப்பு ஆகியவற்றை இந்தச் சீட்டை வைத்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

5. நீங்களே செய்து பாருங்கள்

லேபில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் பகுதியில் பக்கத்தின் கோரிக்கையைச் சொடுக்கி, யூசர் ஏஜென்ட் வரியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போன் படம் போட்ட பட்டனைத் தட்டி, ஒரு போன் மாடலைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். வரி மாறியிருக்கும். நம் லேப் கம்ப்யூட்டர் அரை நிமிடத்தில் போன் வேஷம் போட்டுவிட்டது!

முடிவாக ஒன்று. இரண்டு பக்கத்தையும் அழித்து ஒரே பக்கமாக எழுதினேன். அத்தையிடம் போய், “தப்பு உங்க மேல இல்ல அத்தை, நான் எழுதினதுதான் தப்பு” என்றேன். அவர் சிரித்தார். இப்போது தவணைக் கணக்கை அவரேதான் திறந்து அம்மாவுக்குக் காட்டுகிறார்.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் நாம்தான் முதல் பட்டயதாரி. புராஜெக்ட்டை லேபில் ஓட்டிக் காட்டியதோடு நிறுத்தாமல், வீட்டில் உள்ளவர்கள் கையில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில்தான் நாம் திருத்தவேண்டிய வரி இருக்கிறது.

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை