மறதி நோயினாலா, குளிசையினாலா?



இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் மூன்று வருஷமாக மனநோய்க்கு மருந்து எடுக்கிறான். காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. மலைக்கு வேலைக்கும் போகிறான். ஆனால் கொஞ்ச நாளாக எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. மம்பட்டியை வைத்த இடம் தெரியவில்லை. கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமான்தான் வருகிறது. "வருத்தம் திரும்பக் கூடிருச்சு" என்கிறார் அப்பா. "சோம்பேறித்தனம்" என்கிறார் அண்ணன். "அந்தக் குளிசையாலதான். நிப்பாட்டிப் பார்ப்போமா?" என்கிறார் அம்மா.

அம்மா சொன்னதில் முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாவது பாதிதான் ஆபத்து.

ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் போன்ற குளிசைகளும் மாதாமாதம் போடும் ஊசியும் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. அதனால் குரல்களும் பயமும் குறைகின்றன. ஆனால் சிலருக்கு உடம்பு விறைக்கும், கை நடுங்கும், எச்சில் வடியும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். இதைத் தணிக்கக் கூடவே தருவதுதான் பென்செக்சோல். அது அசற்றைல்கோலின் என்ற இன்னொரு இரசாயனத்தைத் தடுக்கிறது. விறைப்பு இளகும். ஆனால் ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் வேண்டியதும் அதே அசற்றைல்கோலின்தான்! அதைத் தடுத்தால் மறதி வருவது அதிசயமில்லை. வயதானவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

இத்தோடு தடிமனுக்கும் சொறிக்கும் கடையில் வாங்கும் பிரிட்டோன், நித்திரைக்கோ நோவுக்கோ தரும் அமிட்ரிப்டிலின் இரண்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. குளோர்புரோமசின், குளோசபின் போன்ற மனநோய் மருந்துகளுக்கும் அந்தக் குணம் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் சிறிசுதான். எல்லாம் ஒரே கூடையில் விழுந்தால் முதுகு தாங்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? மறதியோடு வாய் காய்வது, மலச்சிக்கல், கிட்டத்துப் பார்வை மங்குவது, சிறுநீர் போகச் சிரமப்படுவது இவையும் இருந்தால் குளிசையைச் சந்தேகிக்கலாம். புதுக் குளிசை தொடங்கிய பிறகு மறதி வந்ததா என்றும் யோசியுங்கள். நோயே கவனத்தைக் குறைப்பதும் உண்டு; சாராயமும் அப்படித்தான். ஆகவே வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கில் உள்ள ஒரு பொருள் பென்செக்சோலுக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். மனநோய் மருந்து எடுப்பவர் பாக்கை அளவு மீறி மென்றதால் விறைப்புக் கூடியதை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாய் காய்கிறது என்று இன்னும் இரண்டு வாய் போடுகிறவர்கள் அதையும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விறைப்புக் குளிசையின் அளவுதான் ஏறும்.

பிரதான மருந்தை நிப்பாட்டினால் வருத்தம் திரும்பலாம். பென்செக்சோலைத் திடீரென்று விட்டாலும் விறைப்பும் நித்திரையின்மையும் வரும். வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கிளினிக்குக் கொண்டுபோங்கள். "ஐயா, விறைப்புக்குத் தாற குளிசை இவனுக்கு இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். இது அதிகப்பிரசங்கம் இல்லை. விறைப்பு வராமலிருக்க முன்கூட்டியே எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. சில மாதங்கள் போனபின் பலருக்கு அது தேவைப்படுவதுமில்லை. வைத்தியர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், அல்லது பிரதான மருந்தின் அளவை மாற்றுவார்.

ஒன்றுக்கு மட்டும் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஆள் திடீரென்று குழம்பிப் பிதற்றினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ, இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளிசைப் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.